‘பாக்கலாமுங்க’ என்றால் என்ன அர்த்தம்? கொங்கு நாட்டு ஆபீஸ் அரசியலைச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

வெளியூரிலிருந்து திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதம், “இங்கே எல்லாரும் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்கள்!” என்பார்கள். மூன்றாவது மாதம் அதே ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டு வருவார்கள். லீவு கேட்டேன், ‘பாக்கலாமுங்க’ என்றார்கள், நம்பி டிக்கெட் போட்டுவிட்டேன், இப்போது பேச்சை மாற்றுகிறார்கள் என்று. யாரும் பேச்சை மாற்றவில்லை. ‘பாக்கலாமுங்க’ என்றபோதே முடியாது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

நான் 14 வருடமாகத் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற பையருக்கும் உற்பத்திக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. எங்கள் பக்கத்து ஆபீஸ் அரசியலில் கத்தலும் கூச்சலும் குறைவு. எல்லாம் ‘ங்க’ போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, வாய்ச்சொல்லாகவே நடக்கும். அதனால் நான் கற்றுக்கொண்ட வித்தையும் ஒன்றுதான்: அதே மரியாதையோடு அந்த வாய்ச்சொல்லைத் தாளுக்குக் கொண்டுவருவது. கீழே உள்ள படிகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

படி 1: எரிச்சல் வேறு, அரசியல் வேறு

ஒரு வாரம், உங்களைக் கடுப்பேற்றுகிற ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். ஏ.சி. ரிமோட் யார் கையில், டீ ஏன் நான்கரைக்கு வராமல் ஐந்தேகாலுக்கு வருகிறது, வீட்டுக்குக் கிளம்புகிற ஆறு மணிக்கு ஏன் மீட்டிங், எல்லாவற்றையும். வாரக் கடைசியில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இதனால் யாருக்காவது லாபம் உண்டா? இல்லை என்றால் அது வெறும் எரிச்சல். எரிச்சலைக் காசு கொடுத்தோ சின்ன ஏற்பாட்டாலோ தீர்த்துவிடலாம். சொந்தமாக ஒரு டேபிள் ஃபேன், பையில் ஒரு சார்ஜர், கால் மணி நேரம் முந்திய பஸ். இதற்கெல்லாம் ஓனர் வரை போகிறவர் பெரிய விஷயத்துக்குப் போகும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ஷிப்மென்ட் நாளில் மட்டும் எங்கள் பிரிண்டர் மக்கர் பண்ணும். டாக்குமெண்டேஷன் பையன் வேண்டுமென்றே செய்கிறான் என்று இரண்டு மாதம் அவனோடு பேசாமல் இருந்தேன். பேப்பர் கட்டு ஜன்னலோரம் சாரலில் நனைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் படியை முதல் படியாக வைத்தேன்.

படி 2: ‘ங்க’வுக்கு அகராதி

‘பாக்கலாமுங்க’: முடியாது. ‘ஆகட்டுங்க’: காதில் விழுந்தது, அவ்வளவுதான். ‘நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க’: எனக்குச் சம்மதம் இல்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் உங்கள் தலையில்தான். குரல் ஏறாமல் இறங்காமல் ‘அப்படீங்களா’ என்றால் நம்பவில்லை. ‘ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேனுங்க’ மட்டும் பெரும்பாலும் உண்மை. நிஜமாகவே கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள்.

உண்மையான பதிலை வரவழைக்கச் சண்டை வேண்டாம், ஒரு கிழமை போதும். “சரிங்கண்ணா, அப்ப வியாழக்கிழமை நானே வந்து கேட்டுக்கட்டுங்களா?” என்று கேளுங்கள். “வாங்க” என்றால் உயிர் இருக்கிறது. “எதுக்குங்க அவசரம்” என்றால் வேறு வழி பாருங்கள், டிக்கெட் போடாதீர்கள்.

படி 3: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘அவர் ஒரு மாதிரி’ என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. நம்மிடம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வார்த்தையே இருக்கிறது.

போட்டுக்கொடுப்பவர் நடந்ததை மேலே சொல்கிறவர். நடக்காததைச் சொல்வதில்லை. அவரோடு பகை வேண்டாம். ஓனருக்குத் தெரிய வேண்டியதை அவர் காதில் படும்படி பேசிவிட்டால் போதும், தபால் செலவில்லாமல் போய்ச் சேரும்.

வத்தி வைப்பவர் அப்படியில்லை. “உங்களைப் பத்தி அவர் என்ன சொன்னாருன்னு தெரியுமாங்க?” என்று ஆரம்பிப்பார். இவருக்கு ஒரே மருந்து, “அப்படியா? வாங்க, ரெண்டு பேரும் போய் அவரையே கேட்டுரலாம்” என்று சொல்லி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவது. இரண்டு தடவை எழுந்தால் போதும், மூன்றாவது தடவை உங்களிடம் வர மாட்டார்.

கோர்த்துவிடுபவர்தான் ஆபத்தானவர். உங்கள் பெயரை உங்களுக்கே தெரியாமல் ஒரு வேலையில் சேர்த்துவிட்டு, அது கெட்டுப்போகிற நாளில் அவர் லீவில் இருப்பார். இவருக்காகத்தான் அடுத்த படி. ஜால்ராக்களைக் கண்டுகொள்ள வேண்டாம். அவர்கள் சத்தம்தான் பெரிது. ஓனருக்கே அது சலிப்பு.

அப்புறம், சுவரில் மாட்டியிருக்கிற பதவிப் படத்தை நம்பாதீர்கள். நம் பக்கக் கம்பெனிகளில் பெரும்பாலானவை குடும்பக் கம்பெனிகள். ஜெனரல் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். ஆனால் சம்பளத்தைக் கூட்டுவது ஓனரம்மாவாக இருக்கும். எந்தச் சாயப்பட்டறைக்கு ஆர்டர் போகும் என்பதை ஓனரின் மச்சான் முடிவு செய்வார். ஆரம்பத்திலிருந்து கூடவே இருக்கிற அக்கவுண்ட்ஸ் அண்ணன் ஒரு பில்லை மேலே வைப்பதும் அடியில் வைப்பதும் பல பேர் தலையெழுத்து. ஓனர் காரின் டிரைவரிடம் இதுவரை யாரும் மரியாதைக் குறைவாகப் பேசி நிலைத்ததாக எனக்குத் தெரியாது. இவர்களைக் காக்கா பிடிக்கச் சொல்லவில்லை. எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரிந்திருந்தால் பூட்டிய கதவில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

படி 4: வாய்ச்சொல்லைத் தாளுக்குக் கொண்டுவாருங்கள்

முதலில், பழி ஏன் இவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது அபூர்வம். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்கிற காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் இன்னொரு இடம், பெரும்பாலும் வெளியே கூலிக்குக் கொடுக்கிற ஜாப் ஒர்க். துணி டெலிவரி சலானோடு ஊரைச் சுற்றி வரும். பையர் கொடுத்த தேதிக்குச் சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறவில்லை என்றால் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு கம்பெனி தலையில், ஆர்டரின் லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும். அந்த நிமிடம் தொடங்கும் தேடல், ‘யாரால் லேட்?’ இத்தனை கை மாறிய வேலையில் எந்தக் கையையும் காட்டலாம். கோவைப் பக்கம் ஃபவுண்டரியில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள், இதே கதைதான். பம்ப் பாடியில் ஓட்டை விழுந்தால் மெஷினிங்காரர் ‘காஸ்டிங்கிலேயே ப்ளோ ஹோல்’ என்பார், ஃபவுண்டரிக்காரர் ‘நீங்கள் கடைந்த லட்சணம்’ என்பார்.

என் மூன்றாவது வருடம். ஒரு நேவி கலருக்குச் சாயப்பட்டறை நான்கு லேப் டிப், அதாவது சாய மாதிரி, கொடுத்திருந்தது. உள்ளங்கையளவு துணித்துண்டுகள், அட்டையில் ஒட்டி, கீழே ஏ, பி, சி, டி என்று பேனாவில் எழுதி. பையர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மெயில் போட்டார். அந்த மெயில் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு மட்டும் போயிருந்தது. அவர் நிட்டிங் யூனிட்டில் நின்றுகொண்டு போன் செய்தார். “டி ஓகே ஆயிருச்சு கண்ணு, சாயப்பட்டறைக்குச் சொல்லிரு.” சொன்னேன். நான்காம் நாள் 500 கிலோ துணி வந்து இறங்கியது. விளக்குப் பெட்டிக்குள் அட்டையையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த செக்கிங் அக்கா, தலையைத் தூக்காமலே, “இது அதில்லீங்க மேடம்” என்றார். பையர் தேர்ந்தெடுத்தது பி.

மறுநாள் மீட்டிங்கில் ஓனர் முன்னால் மேனேஜர் ஒரு கடுஞ்சொல் இல்லாமல் சொன்னார். “பாப்பாகிட்ட நான் பி-ன்னுதானுங்க சொன்னேன். சின்னப்புள்ள, அவசரத்துல மாத்திக் கேட்டிருச்சு, விடுங்க.” என்னைக் காப்பாற்றுகிற குரலிலேயே என்னை மாட்டிவிட்டார். வாயைத் திறந்தால் மரியாதை தெரியாதவள் ஆகிவிடுவேன். திறக்கவில்லை. அந்த வருடம் எனக்குச் சம்பளம் கூடவில்லை.

அவர் பொய் சொன்னார் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. பி-யும் டி-யும் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும். பின்னால் வட்ட நிட்டிங் மெஷின் ஓடினால் கேட்கவே வேண்டாம். ஆபீஸ் அரசியல் என்று நாம் பொருமுவதில் எத்தனை இப்படி எழுதி வைக்காததால் வந்ததோ.

அன்றிலிருந்து செய்வது இது. வாயால் யார் எது சொன்னாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாட்ஸ்ஆப்:

“அண்ணா, நீங்க இப்போ போனில் சொன்னபடி நேவிக்கு டி (டெல்லி டி) லேப் டிப் ஓகே என்று சாயப்பட்டறைக்குச் சொல்றேனுங்க. மாற்றம் இருந்தா 12 மணிக்குள் சொல்லுங்க.”

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. ‘நீங்க சொன்னபடி’ என்பதால் முடிவு அவருடையது. நேரம் குறித்ததால், பதில் வராவிட்டாலும் அவருக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ‘ங்க’ இருப்பதால் அவருக்கு உறுத்தாது. அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாலும் நீங்கள் எழுத்தில்தான் பதில் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து வாய்ஸ் மெசேஜில் எதையும் தேட முடியாது. ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே செய்யாதீர்கள்: ஓனரையும் சேர்த்து மெயில் போடுவது. அது போர் முழக்கம். முழங்கினால் பிறகு போர் நடத்த வேண்டியிருக்கும்.

கூடவே ஒரு பைண்டிங் நோட்டு. தேதி, நேரம், யார், என்ன சொன்னார், அவ்வளவுதான். ‘திமிராகப் பேசினார்’ என்று எழுதாதீர்கள், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். பக்கத்துக்கு எண் போடுங்கள். நோட்டு உங்களுடையது, வீட்டில் இருக்கட்டும். ஆனால் ஆத்திரத்தில் கம்பெனியின் விலைப்பட்டியலையும் பையர் மெயிலையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காகவே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

படி 5: எல்லார் முன்னாலும் திட்டினால்

அந்த இடத்தில் பதில் சொல்லாதீர்கள். அதே நாள், ஆறு மணிக்கு மேல், கூட்டம் கலைந்த பிறகு போங்கள். “அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசோணுங்க.” உட்காரச் சொன்னால் உட்காருங்கள். உங்கள் மனம் புண்பட்டதைச் சொல்லிப் பயனில்லை, அவர் வேலை கெடுவதைச் சொல்லுங்கள். நான் ஒருவரிடம் சொன்னது: “தப்பு இருந்தா கேபினுக்குக் கூப்பிட்டு எவ்வளவு வேணாலும் திட்டுங்க, கேட்டுக்கறேன். லைன்ல வெச்சுத் திட்டுனா நாளைக்கு டெய்லருங்க என் பேச்சைக் கேக்க மாட்டாங்க. பீஸ் கணக்கு குறைஞ்சா ஓனர் உங்களைத்தானுங்க கேப்பாரு.” அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. லைனில் திட்டுவது நின்றது. அது போதும்.

திரும்பவும் நடந்தால், அவர் மதிக்கிற ஒரு பெரியவரை நடுவில் வைத்துப் பேசலாம். நம் ஊரில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு தடவைதான், அடிக்கடி போனால் பெரியவரும் ‘பாக்கலாமுங்க’ என்பார்.

உங்கள் யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னால் பின்னால் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. மீட்டிங்குக்கு முந்தின நாளே நான்கு வரியில், எண்களோடு எழுதி அனுப்பிவிடுங்கள். கோவையில் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் ஐ.டி.யில் இருப்பவர்களுக்கும் இதுதான். ரேட்டிங் போடுகிற மாதம் வந்த பிறகு செய்த வேலையை ஞாபகப்படுத்துவது லேட். மாதா மாதம் ஒரு மெயில், என்ன முடித்தேன் என்று ஐந்து வரி. அப்ரைசல் அன்று அந்தப் பன்னிரண்டு மெயிலையும் வரிசையாக வைத்தால் மேனேஜர் உங்களுக்காகப் பேசவும் வசதி.

படி 6: டீக்கடையும் ‘எந்த ஊருங்க’வும்

டீக்கடைக்குப் போகாமல் இருக்காதீர்கள். தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு தனியே நிற்கிறவர்களுக்கு எந்தச் செய்தியும் கடைசியில்தான் வரும். போங்கள், கேளுங்கள். ஆனால் அந்த இடத்தில் இல்லாத ஆளைப் பற்றி நீங்கள் ஒரு வாக்கியமும் சொல்லாதீர்கள். சம்பளத் தொகையையும் சொல்லாதீர்கள்.

அங்கேதான் அந்தக் கேள்வியும் வரும். “எந்த ஊருங்க?” “அவினாசிப் பக்கமுங்க.” “அவினாசில எங்கீங்க?” “அப்பா என்ன பண்றாருங்க?” கடைசியாக, பாசமாக, “குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?” ஊர் விசாரிப்பு மாதிரித்தான் இருக்கும். விசாரிப்பது சாதி. ஒரே கூட்டம், அதாவது ஒரே குலப்பிரிவு, என்று தெரிந்தால் சிலருக்கு நாற்காலி நகரும், இல்லையென்றால் பேச்சு மட்டும் மரியாதையாகத் தொடரும். இது எங்கள் ஊரின் அழுக்கு, இதை மரியாதை என்கிற துணியால் மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, “அங்க இந்த வருசம் மழையே இல்லீங்க” என்று பேச்சைத் திருப்பிவிடுவேன். மூன்றாவது தடவையும் கேட்பவரிடம், “வேலைக்கு அது எதுக்குங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பலர் முன்னால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது அரசியலும் இல்லை, எரிச்சலும் இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

படி 7: இதற்கு மேல் சமாளிக்கக் கூடாது

கை வைப்பது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது, இரவில் தேவையில்லாத மெசேஜ். இதையெல்லாம் ‘அவர் குணம் அப்படி’ என்று அக்காமார்களே சொல்வார்கள். கேட்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைவர் பெண், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடமென்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். படி 4-இன் நோட்டு இங்கே எவ்வளவு உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூக்கம் போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைக் கலக்குகிறது என்றால் அதையும் ‘வேலைன்னா அப்படித்தான்’ என்று விடாதீர்கள். 14416 அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

படி 8: விட்டுப் போவதென்றால் கணக்கோடு போங்கள்

மீட்டிங்கில் ஐ.டி. கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தவர்களின் கதைகளை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கப்புறம் அவர்கள் பி.எஃப்.புக்கு அலைந்த கதையைச் சொல்ல மாட்டார்கள்.

தீபாவளிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். போனஸுக்குத் தகுதியான சம்பள வரம்பில் இருப்பவர், அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே சட்டப்படி உரிமை உண்டு, குறைந்தது 8.33 சதவீதம். ஆனால் நடைமுறையில், நின்றுவிட்டவருக்குத் தேடிப்பிடித்து யாரும் கொடுப்பதில்லை. ஐப்பசியில் சண்டை வந்தால் கார்த்திகை வரை பொறுப்பது கோழைத்தனம் இல்லை. நிரந்தர வேலையில் இருப்பவருக்குக் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கு 5 வருடம். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 26,000 என்றால் வருடத்துக்கு 15,000, ஆறு வருடத்துக்கு 90,000. நாலரை வருடத்தில் கோபம் வந்தால் இந்த எண்ணை ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

அவர்களாக உங்களை அனுப்புகிறார்கள் என்றால் அன்றே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா நல்லதுங்க’ என்று பாசமாகத்தான் கேட்பார்கள். 6 மாதம் தொடர்ந்து வேலை செய்த ஊழியரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும், அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. அதனால், “வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேனுங்க” என்று சொல்லிவிட்டு வந்து, தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். 5 வருடத்துக்கு முன்னால் எடுத்தால் வரி உண்டு. பென்ஷனுக்கு மொத்தம் 10 வருடம் வேண்டும். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி ஏற்றியிருக்கிறதா என்று பி.எஃப். இணையதளத்தில் பாருங்கள், ஏற்றவில்லையென்றால் 2 மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம்.

கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வாருங்கள், உங்களைக் கோர்த்துவிட்டவரிடமும். திருப்பூரில் யார் எந்தக் கம்பெனியில் இருந்தார், எப்படிப் போனார் என்பது பையர் ஆபீசிலிருந்து சாயப்பட்டறை வரை எல்லாருக்கும் தெரியும். அடுத்த இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கோர்த்துவிட்டவருடைய மாப்பிள்ளையாக இருக்கலாம். நான் கிளம்பிய அன்று அந்த புரொடக்‌ஷன் மேனேஜர் எழுந்து வந்து, “நல்லா இருக்கோணும் கண்ணு” என்றார். “சரிங்கண்ணா” என்றேன். அப்புறம் நேராக அக்கவுண்ட்ஸ் அண்ணன் மேசைக்குப் போனேன். ரிலீவிங் லெட்டரை “நாளைக்கு அனுப்பிடறேனுங்க” என்றார். “பரவால்லீங்கண்ணா, உக்காந்து வாங்கிக்கறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு டீ ஆனது. லெட்டர்ஹெட்டில் அடித்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.